என் சாயத்தைத் திருடினவள்

ஏம்மா, அந்தப் பாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். ஆங், ஓரத்துல ரெண்டு விரக்கடை அகலத்துக்கு ஊதா ஓடுது பாரு, அது நான் போட்ட ஊதா. முசிறிக் கடைவீதியிலதானே வாங்கினே? தெரியும். கடைக்காரரு வெளியூர்ச் சரக்குன்னு சொல்லியிருப்பாரு. நம்பாதே. கோரையில இந்த ஊதாவை ஏத்துறதுக்கு இந்த ஆத்தங்கரையில என்னை விட்டா ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்கும்தான் சொல்றேன்.

உட்காரு, தள்ளிக்கறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தானே? நானும் அங்கேதான் இறங்கணும். பேசிக்கிட்டே போகலாம்.

எம் பேரு அம்சவேணி. ஊரு மேலக்கரை. வாய்க்கா ஓரத்துல தகரம் போட்ட கொட்டகை ஒண்ணு இருக்கும், வாசல்ல பச்சையும் ரோஸுமா கோரை காய்ஞ்சுக்கிட்டு இருக்கும். அதுதான் நம்ம சாயக் கொட்டகை. தறிக்காரங்க கோரையைக் கட்டுக் கட்டா கொண்டாந்து போடுவாங்க. அண்டாவுல தண்ணியைக் கொதிக்க வெச்சு, பொடியைக் கரைச்சு, கட்டை முக்கி எடுத்து, வெயில்ல பரத்திக் காய வெச்சுக் கொடுக்கணும். கேக்க லேசா இருக்கும். செஞ்சு பாரு. ஒரு கொதி கூடினா கறுத்துரும், ஒரு கொதி குறைஞ்சா வெளுத்துப் பல்லை இளிக்கும். இருபத்தாறு வருஷமா நானும் ராக்காயியும் பாப்பாத்தியும், மூணு பொம்பளைங்க, அந்த அண்டா முன்னாடி நிக்கறோம்.

முக்கி எடுத்த பிறகு அண்டாவுல மிச்சத் தண்ணி இருக்கும் இல்லே? அதை எங்கே விடுறது? கொட்டகைக்குப் பின்னாடி ஒரு ஓடை வெட்டி விட்டிருந்தோம். அது தவமணி வேலியோரமாப் போயி வாய்க்கால்ல விழும். எங்க ஊருல மொத்தம் எட்டுக் கொட்டகை. எட்டும் அப்படித்தான் விட்டுது. போறது என்ன விஷமா? வெறும் கலரு. கொஞ்ச தூரம் போனா தன்னால கரைஞ்சிரும்னு நான் சொல்லுவேன். தவமணி ஒத்துக்க மாட்டா. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு மறுப்பு.

தவமணி யாருன்னு நீ கேக்கலையே. நானே சொல்றேன். என் ஜென்மப் பகையாளி.

வேலிக்கு அந்தப் பக்கம் அவளோட வாழைத்தோப்பு. ஒண்ணரை ஏக்கர், பூவனும் ரஸ்தாளியும். நானும் அவளும் ஒரே வைகாசியில அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. எம் பொண்ணு பிறந்தப்ப ஆஸ்பத்திரியில மூணு நாள் என் தலைமாட்டுல உட்கார்ந்திருந்தது அவதான். அவ வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப அந்தத் தோப்புக்கு ஒரு மாசம் தண்ணி பாய்ச்சினது நான்தான். அது வேற. பகைன்னா பகைதான்.

போன வருஷம் ஆடிப்பெருக்கு. வாய்க்கா நிறையப் புதுத்தண்ணி. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் தேங்காய் பழம், காதோலை கருகமணி எடுத்துக்கிட்டு, எங்க ஓடை விழற இடத்துக்குக் கீழே இருக்கிற படித்துறைக்கு வந்துட்டாங்க. தவமணி, மகன் முத முதல்ல சம்பாதிச்சு வாங்கிக் கொடுத்த சந்தன நிறப் பட்டுச் சேலையை உடுத்திக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நின்னு கும்பிடறா. எனக்கு அன்னிக்கு அவசர வேலை. பச்சை. மறுநாள் லாரி வருது. அண்டாவைக் கவுத்துவிட்டேன். அவ கரையேறினப்ப இடுப்புக்குக் கீழே சேலை வாழையிலை நிறம்.

நான் என்ன செய்ய? கும்பிடறவங்க கும்பிடட்டும், வேலை செய்யறவங்க செய்யட்டும். கோவப்படாம நல்லவிதமாத்தான் பேசினேன். "பச்சை உனக்கு எடுப்பா இருக்குடி தவமணி"ன்னேன். சிரிக்க வேண்டாமா? அவ சிரிக்கலை. "என் கிணத்துத் தண்ணி ரோஸா வருது. மாடு வாளியைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குது. அதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்டி அம்சா"ன்னு அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டு, ஈரச்சேலையோட போயிட்டா.

ரோஸ் தண்ணின்னா என்ன இப்ப? எங்க வீட்டுக் கிணத்துலயும்தான் நிறம் இருந்துச்சு. நாங்க குடிக்கறதுக்குப் பஞ்சாயத்துக் குழாயில பிடிச்சுக்குவோம். அதைப் போயி ஒரு பேச்சா எடுப்பாங்களா?

அன்னியோட பேச்சு வார்த்தை அறுந்து போச்சு.

புரட்டாசியில மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுலேர்ந்து எட்டுக் கொட்டகைக்கும் கடுதாசி வந்துச்சு. தொண்ணூறு நாளுக்குள்ள கழிவுத் தண்ணியிலேர்ந்து சாயத்தை எடுத்துட்டு விடணும், இல்லேன்னா கொட்டகையைப் பூட்டணும். தவமணிதான் எழுதிப் போட்டிருப்பான்னு நான் முடிவே பண்ணிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆத்தோரம் முழுக்க எல்லாச் சாயக் கொட்டகைக்கும் போயிருக்குன்னு. இருந்தாலும் எழுதக்கூடியவதான்.

தறிக்காரர் சுப்புராயலு விசாரிச்சுட்டு வந்தாரு. அதுக்குன்னு மெஷின் இருக்காம், எட்டுக் கொட்டகையை வித்தாலும் வாங்க முடியாதாம். ராக்காயி என் பக்கத்துல வந்து நின்னு, "அக்கா, பூட்டிட்டா நான் எங்கே போவேன்?"ன்னு கேட்டா. அவளுக்குக் கோரையை முக்கத் தெரியும், வேற எதுவும் தெரியாது. எனக்கும்தான். அன்னிக்கு முத தடவையா நான் கொதியைக் கவனிக்காம விட்டு, ஒரு கட்டுக் கோரை கறுத்துப் போச்சு. யாருகிட்டயும் சொல்லலை. இப்ப உங்கிட்டத்தான் சொல்றேன்.

அதே வாரம் தவமணி ஒரு காரியம் பண்ணினா. தார் வெட்டின பிறகு வாழைமரத்தை என்ன பண்ணுவாங்க? வெட்டி ஒரு மூலையில தள்ளிருவாங்க, அது கிடந்து காயும். அப்படி முந்தின வருஷத்துலேர்ந்து காய்ஞ்சு கிடந்த மட்டை, சருகு, கூட அவ வீட்டுக் கடலைத் தொலி, எல்லாத்தையும் ஆள் விட்டுச் சுமந்துக்கிட்டு வந்து, என் ஓடையில, அவ வேலி ஆரம்பிக்கிற இடத்துல, மார் உயரத்துக்குக் கொட்டி மிதிச்சு அடைச்சுட்டா. என் தண்ணி அவ பக்கம் வரக்கூடாதாம். வந்த வழியே என் கொட்டகைக்குத் திரும்பட்டுமாம்.

நான் விடுவேனா? மறுநாள் காலையில வேணும்னே ரெண்டு அண்டா ஊதாவைக் கவுத்துவிட்டேன். கெட்டி ஊதா. அடைப்பு உடைஞ்சு அவ தோப்பு முழுக்க ஓடட்டும்னுதான். கோவம், மனுஷிதானே. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னு பார்த்தேன். உடையலை. தண்ணி தேங்கி நின்னு, குப்பைக்குள்ள மெதுவா இறங்கிச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து வேலிக்கு மேல எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் குப்பைக்கு அடியிலேர்ந்து தண்ணி கசிஞ்சு ஓடுது. வெறும் தண்ணி. பளிங்குன்னு சொல்ல மாட்டேன், டீ கிளாசு கழுவின தண்ணி மாதிரி லேசா ஒரு மஞ்சள். ஆனா ஊதா இல்லை. ஒரு சொட்டு ஊதா இல்லை.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! வேலியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினேன். ராக்காயி சாட்சி. "ரெண்டு அண்டா ஊதாவை எங்கடி ஒளிச்சு வெச்சே? என் சாயத்தைத் திருடிட்டியேடி!"

சிரிக்காதேம்மா. கதையாக் கேக்கறப்ப சிரிப்பாத்தான் இருக்கும். இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் வரலைன்னா, நடுவுல இருக்கறவதானே எடுத்திருக்கணும்? அந்த நேரத்துல எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

அவ எனக்குப் பதில் சொல்லலை. பேச்சுதான் இல்லையே. வேலியோரம் கட்டியிருந்த தன் மாட்டுக்கிட்டப் போனா. அது முதுகைத் தடவிக்கிட்டே சொல்றா: "ஏ மாடே, சாயம் காணாமப் போச்சுன்னு சில பேரு கூப்பாடு போடறாங்க. சாயம் காணாமப் போகணும்னுதான் ஆபீசுலேர்ந்து கடுதாசியே வந்திருக்கு. அதை யாராவது அவங்களுக்குப் படிச்சுக் காட்டினா தேவலை."

நான் அந்த மாட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். ராக்காயி என் முந்தானையை இழுத்து, "அக்கா, அந்தம்மா சொல்றது சரிதானே?"ங்கறா.

ஒண்ணு கவனிச்சுக்கோ. கண்டுபிடிச்சது நான். ஊதாவைக் கவுத்தது யாரு? நான். எட்டிப் பார்த்தது யாரு? நான். அவ குப்பை கொட்டினா, அவ்வளவுதான். குப்பையை யாரு வேணா கொட்டலாம்.

அப்புறம் நானே இறங்கினேன். பக்கத்துத் தோட்டத்துல அன்னிக்குத் தார் வெட்டின பச்சை மரமா வாங்கிட்டு வந்து, துண்டு போட்டு, அடியில துளை போட்ட பிளாஸ்டிக் பீப்பாயில அடைச்சு ஊதாவை ஊத்தினேன். மூணாம் நாள் வாடை ஊரைத் தூக்கிருச்சு. கறையும் கூழுமா, தண்ணி கறுப்பா வருது. சுப்புராயலு மூக்கைப் பொத்திக்கிட்டு, "அம்சா, உன் கொட்டகையை ஆபீசு பூட்ட வேண்டாம், ஊரே வந்து பூட்டிரும்"ன்னாரு.

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கிட்டப் பேச்சு கேட்டுச்சு. "மாடே, மட்டை நல்லாக் காய்ஞ்சதா இருக்கணும். பொடிசா நறுக்கணும். சுடுதண்ணியில மூணு தடவை அலசி, அந்தக் கறையெல்லாம் போகணும். மறுபடி காயப் போடணும். கையில எடுத்து ஒடிச்சா சடக்குன்னு ஒடியணும். இது தெரியாம சில பேரு பச்சை மரத்துல ஊறுகா போடறாங்க."

நானும் மாட்டுக்கிட்டத்தான் சொன்னேன். "மாடே, உங்க வீட்டம்மாவுக்கு இவ்வளவு தெரியும்னா செஞ்சு அனுப்பட்டுமே. யாரு வேண்டாம்னா?"

நாலு நாள் கழிச்சுக் காலையில பார்த்தா, வேலிப் படல் மேல ஒரு சாக்கு. திறந்தேன். நறுக்கி, அலசி, காய வெச்ச வாழைமட்டை, கையில எடுத்தா சரசரன்னு உதிருது. அவ அனுப்பினான்னு நான் சொல்லலை. சாக்கு இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.

பீப்பாய்க்கு அடியில ஜல்லி, அதுக்கு மேல மணல், அதுக்கு மேல மட்டை, எல்லாத்துக்கும் மேல கடலைத் தொலி. ஒரு பீப்பாய்லேர்ந்து இன்னொரு பீப்பாய்க்கு, அதுலேர்ந்து வெளியே. இதெல்லாம் என் ஏற்பாடு. கடலைத் தொலியை மேல போடணும்னு மட்டும் மாடு சொல்லுச்சு. அதாவது மாட்டுக்கிட்டச் சொன்னா.

இப்படியே ஓடுச்சு. ரெண்டு நாளைக்கு ஒரு சாக்கு. ஐப்பசி மழை விடாமப் பெய்யுது, எங்களுக்கே கோரை காய மாட்டேங்குது, சாக்கு மட்டும் தவறாம வரும், உள்ளே மட்டை மொறுமொறுன்னு இருக்கும். எப்படிக் காய வைக்கறான்னு நான் கேக்கலை. அடுப்புக்கு மேல பரண் கட்டி, கண்ணு எரிய எரிய வாட்டி எடுக்கறான்னு ராக்காயி எங்கேயோ கேட்டுட்டு வந்து சொன்னா. அவளுக்கு வேற வேலை என்ன இருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருந்தாங்க. எனக்கு அவசரமா ஒரு சந்தேகம் கேக்கணும். வேலிக்கு வந்தேன். அவளும் ஏதோ சொல்ல வந்து நிக்கறா. நடுவுல மாடு இல்லை. நான் தொண்டையைக் கனைச்சேன். அவளும் கனைச்சா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தோம். அப்புறம் அவ அந்தப் பக்கம் போயிட்டா, நான் இந்தப் பக்கம் வந்துட்டேன்.

ஊதா அடங்கிருச்சு. பச்சை அடங்கிருச்சு. ரோஸும் நீலமும் அடங்கிருச்சு. சிவப்பு மட்டும் அடங்கலை. எத்தனை மட்டை போட்டாலும், உள்ளே போன சிவப்பு சிவப்பாவே வெளியே வருது. சிவப்பு எனக்கு எப்பேர்ப்பட்ட நிறம் தெரியுமா? பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டு நெய்யறாங்களே கல்யாணப் பாய், அதுல பேரு விழறதே என் சிவப்புலதான்.

கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தரு இருக்காரு, இமானுவேல் சார்னு, முசிறியில காலேஜுல. ராக்காயியையும் கூட்டிக்கிட்டு, அஞ்சு பாட்டில்ல தண்ணியை எடுத்துக்கிட்டு அவருகிட்டப் போனேன். நல்ல மனுஷன், உட்கார வெச்சுப் பேசினாரு. "அம்மா, காய்ஞ்ச மட்டைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளை ஏராளமா இருக்கும். அதோட, அதுக்கு ஒரு இழுப்பு உண்டு. உங்க ஊதா, பச்சையெல்லாம் அந்த இழுப்புக்கு ஒட்டிக்கற ஜாதி. இந்தச் சிவப்பு வேற ஜாதி. அதுவும் மட்டையும் ஒண்ணை ஒண்ணு தள்ளும், கிட்டவே சேராது"ன்னாரு. ராக்காயி என்னைப் பார்த்துச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை.

இன்னொண்ணும் சொன்னாரு. உமி, கடலைத் தொலி, தேங்காய் நார்த்தூள்னு இதை உலகத்துல பல பேரு செஞ்சு பார்த்திருக்காங்களாம். "என்னைக் கேக்காமயா சார்?"னேன். அவரும் சிரிச்சாரு. சாயம் குடிச்ச மட்டையை வயல்ல கொட்டக்கூடாது, மாட்டுக்குப் போடக்கூடாது, தனியா சிமெண்டுத் தொட்டியில போட்டு மூடணும், அதை எங்கே சேர்க்கறதுன்னு ஆபீசுல கேக்கணும்னு எழுதியும் கொடுத்தாரு. இப்பத் தொட்டி கட்டியாச்சு, மாசம் ஒருக்கா வண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போகுது.

ஊருக்கு வந்ததும் மாட்டுக்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கத்துலேர்ந்து, "மாடே, ஒரு பொடி அடங்கலைன்னா வேற பொடி பார்க்கணும். லோகத்துல சிவப்பு ஒண்ணே ஒண்ணுதானா?"ன்னு வந்துச்சு.

எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை. என் சிவப்பையா? அப்புறம் நானே யோசிச்சு, நானே முடிவெடுத்து, வாத்தியார் சொன்ன ஜாதியில நாலு பொடி வாங்கிக் காய்ச்சிப் பார்த்தேன். முத மூணும் கோரையில நிக்கலை. நாலாவது நின்னுச்சு. பீப்பாய்ல விட்டா மட்டையும் அதைப் பிடிச்சுக்கிச்சு. பழைய சிவப்பை விட இது எடுப்பு. மாத்தினது எவ்வளவு நல்லதாப் போச்சு பாரு. நான் அப்படித்தான், ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டே தொங்க மாட்டேன்.

தை பிறந்ததும் ஆபீசர் வந்தாங்க. நிர்மலா மேடம்னு பேரு, கண்ணாடி போட்டவங்க. பீப்பாயைத் தட்டிப் பார்த்தாங்க, தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சாங்க, சீல் வெச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. அன்னிக்குப் பாப்பாத்தி வாளியைக் கீழே போட்டுட்டா. பத்து நாள் கழிச்சு அவங்களே திரும்பி வந்தாங்க. "தண்ணி சரியா இருக்கும்மா. கொட்டகை நடத்தலாம்"ன்னாங்க. ராக்காயி அழுதுட்டா. நான் அழலை. மூக்கைத்தான் சிந்தினேன்.

மேடம் பேனாவைத் திறந்துக்கிட்டு, "இதை மத்த ஏழு கொட்டகைக்கும் சொல்லிக் கொடுக்கணும். ரிப்போர்ட்டுல எழுதறேன். இதைச் செஞ்சது யாரு, பேரு சொல்லுங்க"ன்னு கேட்டாங்க.

"அம்சவேணி, மேலக்கரை"ன்னேன்.

எழுதிக்கிட்டாங்க. அந்த நேரத்துல தவமணி வேலியோரம் நிக்கறா, இடுப்புல சாக்கு. படல் மேல வைக்கத்தான் வந்திருக்கா. வைக்கலை. அப்படியே திருப்பித் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. சாக்குல ஓட்டை போலிருக்கு, தைக்க எடுத்துட்டுப் போறான்னு நான் நினைச்சேன்.

மறுநாள் சாக்கு வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. மாட்டுக்கிட்ட விசாரிச்சுப் பார்த்தேன். மாட்டையே இடம் மாத்திக் கட்டிட்டா. சரி போகட்டும், ஊருல வாழைக்கென்ன பஞ்சமான்னு வேற தோட்டத்துல மட்டை வாங்கினேன். நறுக்கினோம். ஒரு தடவை அலசினேன், மூணு தடவை எதுக்குன்னு. வெயில்ல ஒரு நாள் போட்டு எடுத்தேன்.

மாசியில ஒரு காலை நேரம், ஏழு கொட்டகைக்காரங்களும் பாடம் கேக்க வந்து நிக்கறாங்க. மேடம் பக்கத்துல நிக்கறாங்க. சுப்புராயலு எல்லாருக்கும் டீ சொல்லியிருக்காரு. நான் பீப்பாயைப் பத்தி நல்லாப் பேசிட்டு, குழாயைத் திறந்தேன். ஊதா. போன ஊதா அப்படியே வருது. மூடிட்டுத் திரும்பத் திறந்தேன். இன்னும் கெட்டியா வருது.

யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அம்மா, முதல்ல செஞ்ச மாதிரியே இப்பவும் செய்யறீங்களா? பத்து நாள் தர்றேன். அதுக்குள்ள சரி வரலைன்னா பழைய நோட்டீசுதான்"ன்னாங்க. டீயை யாரும் குடிக்கலை. ஆறிப் போயிருச்சு.

அன்னிக்கே போனேன். வேலிக்கு இல்லை, ரோட்டைச் சுத்திக்கிட்டு, வாசல் வழியா. ஏழு மாசம் கழிச்சு அந்த வாசல்ல கால் வைக்கறேன். அவ கிணத்தடியில தண்ணி இறைச்சுக்கிட்டு நிக்கறா. வாளியை மாட்டு முன்னாடி வெச்சா. அந்த மாடு மூஞ்சியை உள்ளே விட்டு, நிமிராமக் குடிக்குது. அது குடிக்கக் குடிக்க வாளியோட அடி தெரியுது. சாக்கு வந்துக்கிட்டிருந்த வரைக்கும் எங்க ஓடை சுத்தமா ஓடினது, அந்தக் கிணத்துக்குப் போயிச் சேர்ந்திருக்கு. அது அப்படித் தண்ணி குடிச்சு நான் பார்த்ததே இல்லைம்மா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. வெயில் அன்னிக்குக் கடுமை.

"மாடே"ன்னு ஆரம்பிச்சேன்.

"மாடு தண்ணி குடிக்குது. எங்கிட்டச் சொல்லு"ன்னா தவமணி.

"மட்டை வேணும்."

"எதுக்கு? அதான் அம்சவேணி, மேலக்கரை இருக்காங்களே. செஞ்சுக்கட்டும்."

"ஒரு பேருக்காடி இத்தனை வீம்பு?"

"ஆமாடி, ஒரு பேருக்குத்தான்"னா. கயித்தைக் கீழே போட்டுட்டு என்னைப் பார்த்துத் திரும்பிட்டா. "பட்டாவுல எங்க மாமனார் பேரு. கரண்டு பில்லுல எங்க வீட்டுக்காரர் பேரு. வீட்டு வாசல்ல எம் மகன் பேரு. முப்பது வருஷம் ஆகப் போகுது இந்த மண்ணுல நின்னு. ஓட்டு அட்டையை விட்டா ஒரு காயிதத்துல தவமணின்னு எழுத்து கிடையாது. இது ஒண்ணுலயாவது இருக்கும்னு நினைச்சேன். தப்பா? சொல்லுடி, தப்பா?"

கையை நீட்டினா. பார்த்தேன். சுடுதண்ணியில அலசி அலசி வெளுத்துப் போயி, விரல் சந்தெல்லாம் வெடிச்சிருக்கு. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். எங்கேர்ந்து வந்துச்சோ தெரியலை, "அந்தச் சேலையும் என் தப்புதான்டி"ன்னேன்.

"எந்தச் சேலை?"ங்கறா, தெரியாத மாதிரி.

"பச்சைச் சேலை."

"அதான் எனக்கு எடுப்பா இருக்காமே"ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா பாரு, மாடு வாளியிலேர்ந்து நிமிர்ந்து பார்த்துச்சு.

அப்புறம் என்ன. மறுநாள்லேர்ந்து அவளே கொட்டகைக்கு வந்துட்டா. ஏழு கொட்டகைக்காரங்களுக்கும் மட்டையை எப்படி ஒடிச்சுப் பார்க்கறது, எத்தனை தடவை அலசறதுன்னு அவதான் காட்டினா. ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு அலசணும்னு நான்தான் கறாரா சொல்லி வாங்கிக் கொடுத்தேன். எட்டாம் நாளே மேடம் வந்து பார்த்து, சரின்னுட்டாங்க. இப்ப எட்டு ஓடையிலும் வெறும் தண்ணி. ஊருல வாழைமட்டை எவன் தோப்புலயும் சும்மா கிடக்கறதில்லை.

ரிப்போர்ட்டுல தவமணி பேரையும் சேர்க்கணும்னா ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு மேடம் சொல்லியிருந்தாங்க. அதுக்குத்தான் இன்னிக்குத் திருச்சிக்குப் போறேன்.

தவமணி எங்கேங்கறியா? அதோ, முன்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், தலையில கனகாம்பரம். வீட்டுலேர்ந்து ஒண்ணாத்தான் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்புல சண்டை வந்துருச்சு. யாரு பேரு முதல்லன்னு. நான் நியாயமாத்தான் சொன்னேன், "அ முதல்ல, த பின்னாடி. தமிழ்லயே அப்படித்தான்டி இருக்கு, நானா வெச்சேன்?"னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "மட்டை இல்லாம உன் சாயம் மட்டும் இருந்துச்சுன்னா அதுக்குப் பேரு நோட்டீசு"ன்னுட்டா. பஸ் ஸ்டாப்புல அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. அதான் அவ முன்னாடி ஏறினா, நான் பின்னாடி ஏறிட்டேன்.

பாரு, திரும்பிப் பார்க்கறா. குணசீலம் தாண்டினதுலேர்ந்து இது நாலாவது தடவை. டிக்கெட்டு ரெண்டையும் அவதான் வாங்கினா, அதுக்காகப் பார்க்கறாளா இருக்கும். நான் பார்க்காத மாதிரி இருக்கேன். நீயும் பார்க்காதே.

உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். மேடம் கேட்டா, தவமணின்னே முதல்ல சொல்லிரலாம்னு இருக்கேன். விட்டுக்கொடுக்கறதுக்காக இல்லை. ரெண்டாவதா எழுதற பேருதான் கண்ணுல நிக்கும், அதுக்காகத்தான். ஆனா இப்பவே அவகிட்டச் சொல்ல மாட்டேன். ஆபீசு வாசல் வரைக்கும் கொஞ்சம் தவிக்கட்டும்.

சத்திரம் வந்துருச்சா அதுக்குள்ள? பாரும்மா, எனக்கு முன்னாடி இறங்கி நடக்கறா. எந்தப் பக்கம் போறா இவ? இறங்கு, இறங்கு, கொஞ்சம் வழி விடு. ஏய் தவமணி! நில்லுடி! அது மார்க்கெட்டுக்குப் போற வழி. ஆபீசு இந்தப் பக்கம்டி, வா, கையைப் பிடிச்சுக்கோ!